வாயில்லாப் பசு யாரிடம் தண்ணீர் கேட்கும்?

வெயில் கொளுத்துகிறது!

நாம் விசிறியைத் தேடுகிறோம். மோர் குடிக்கிறோம். நிழலில் போய் உட்காருகிறோம். கட்டுத்தறியில் நிற்கும் பசு என்ன செய்யும்? கட்டிய இடத்திலேயே நின்று தவிக்கும்.

ஒரு பசுவை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ! பசு விழுந்தால் அந்த வீட்டின் அடுப்பும் அணைந்துவிடும்.

வயிற்றுக்குள் அடுப்பு

மனிதனின் உடல் சூடு 98.6 டிகிரி. மாட்டுக்கோ சுமார் 101.5 டிகிரி. தின்ற தீனி அதன் பெரிய வயிற்றில் புளிக்கும்போது சூடு உண்டாகிறது. வெளியே வெயில், உள்ளே அடுப்பு! நம்மைப் போல் அதற்கு அதிகமாக வியர்ப்பதும் இல்லை.

காங்கேயம், உம்பளாச்சேரி போன்ற நாட்டு மாடுகள் வெயிலை ஓரளவு தாங்கும். ஜெர்சி, ஹால்ஸ்டீன் கலப்புப் பசுக்கள் அவ்வளவு தாங்கா. அவற்றின் முன்னோர் குளிர் நாட்டு மாடுகள். எருமைக்குக் கறுப்புத் தோல். வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. அதனால்தான் அது குட்டையைத் தேடி ஓடுகிறது.

அடையாளம் என்ன?

மாடு படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும். தீனி தின்னாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும். எச்சில் ஒழுகும். பால் குறையும்.

அதன் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனால் ஆபத்து நெருங்குகிறது என்று அறியுங்கள்.

செய்ய வேண்டியவை

தண்ணீர்தான் முதல் மருந்து. கறவைப் பசு கோடையில் நாளொன்றுக்கு 100 லிட்டர் வரைகூடக் குடிக்கும். இரண்டு வேளை காட்டினால் போதாது. தொட்டியை நிழலில் வைத்து, எப்போதும் நிரப்பி வையுங்கள்.

வைக்கோலை அதிகாலையிலும், பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள். மேய்ச்சலுக்குப் போன மாட்டை 10 மணிக்குள் ஓட்டி வந்துவிடுங்கள்.

தகரக் கொட்டகையின் மேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள். மாட்டின் உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். ஆனால் காற்று புழங்க வேண்டும். அடைத்த கொட்டகையில் ஊற்றினால் புழுக்கம்தான் அதிகமாகும்.

மயங்கி விழுந்தால்?

உடனே நிழல் கட்டுங்கள். உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கிய மாட்டின் வாயில் எதையும் புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து! தாமதிக்காமல் கால்நடை டாக்டரை அழையுங்கள்.

பால் கறக்கச் செம்பை எடுக்கும் முன், தொட்டியை ஒரு முறை எட்டிப் பாருங்கள். அதில் தண்ணீர் இருக்கிறதா?