இனம் ஒன்றே அகதி அந்தஸ்துக்குப் போதுமா?

துன்புறுத்தப்படும் இனம் ஒன்றைச் சேர்ந்தவர் என்பது மட்டுமே ஒருவருக்கு அகதி அந்தஸ்தைப் பெற்றுத்தருமா? அல்லது தாம் தனிப்பட்ட முறையில் குறிவைக்கப்படுவதாக அவர் நிரூபிக்க வேண்டுமா? இக்கேள்விக்கு நீதிமன்றங்கள் அளித்த விடைகளில் இலங்கைத் தமிழர்களின் வழக்குகளுக்கு முக்கிய இடமுண்டு.

இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவொன்றின் உறுப்புரிமை, அரசியல் கருத்து ஆகிய 5 காரணங்களில் ஒன்றினால் துன்புறுத்தப்படலாம் என்ற ஆதாரமுள்ள அச்சத்துடன் தாய்நாட்டுக்கு வெளியே இருப்பவரையே 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை அகதி என்கிறது.

அந்த அச்சம் மனதில் இருந்தால் மட்டும் போதாது, துன்புறுத்தல் நிகழ்வதற்கான நியாயமான சாத்தியமும் இருக்க வேண்டும் என்று 1987 டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, தமிழர்கள் சிலரின் வழக்கில் தீர்ப்பளித்தது. அவர்களில் ஐவர் 1988 இல் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மேன்முறையீட்டில் வென்று 1989 இல் அவர்கள் பிரிட்டன் திரும்பியபோதிலும், ஏனைய தமிழர்களைவிட அவர்களின் நிலைமை மோசமானதாக இருக்கவில்லை என்று கூறி, 1991 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவர்களின் முறைப்பாட்டை நிராகரித்தது.

எல்லோரும் ஆபத்தில் இருக்கும்போது, ஒருவர் மற்றவர்களைவிட அதிக ஆபத்தில் இருப்பதை எவ்வாறு காட்டுவது? லெபனானைச் சேர்ந்த ஆர்மீனியர் ஒருவரின் வழக்கில், தனியாகக் குறிவைக்கப்பட்டதாகக் காட்ட வேண்டியதில்லை என்று கனடாவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1990 இலேயே கூறியிருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007 இல் சோமாலியச் சிறுபான்மையினர் ஒருவரின் வழக்கில் இதே திசையில் நகர்ந்தது. அது அகதிகள் உடன்படிக்கையின் கீழ் அல்லாமல், சித்திரவதையைத் தடை செய்யும் ஐரோப்பிய மனித உரிமைகள் சாசனத்தின் கீழ் வந்த தீர்ப்பு.

2008 இல் தமிழர் ஒருவரின் வழக்கில் அந்நீதிமன்றம் நடுவழியொன்றைக் கண்டது. தமிழர் அனைவருக்கும் பொதுவான ஆபத்து இருப்பதாக அது ஏற்கவில்லை. ஆனால் முன்னைய கைதுகள், உடலிலுள்ள தழும்புகள், உறவினரின் இயக்கத் தொடர்பு போன்றவை தனித்தனியே சிறியவையாகத் தோன்றினாலும், அவற்றைச் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றது.

போர் முடிந்தபின் அளவுகோல் மீண்டும் இறுகியது. வடக்கைச் சேர்ந்த தமிழர் என்பதை வைத்து மட்டும் ஒருவரை அகதியாகக் கருதத் தேவையில்லை என்று 2010 இல் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரகம் அறிவித்தது. 2013 இல் பிரிட்டன் தீர்ப்பாயம், இலங்கை அரசு எவரை இன்றைய அச்சுறுத்தலாகக் காண்கிறது என்பதையே மையமாக்கியது.

ஆகவே, இனத்தின் கதை ஒருவரது வழக்குக்குப் பின்னணி மட்டுமே. தனக்கு நேர்ந்ததை விரிவாகவும் முரண்பாடின்றியும் கூற முடியாதவர், உண்மையான ஆபத்தில் இருந்தாலும் தோற்றுவிடக்கூடும்.