மோர்பாத்தின் கணக்குப் புத்தகம்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் இருக்கிறது மோர்பாத். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே 33 குடும்பங்கள்தான். அந்தச் சிற்றூரின் பெயர் இன்று வரலாற்றில் நிற்பதற்குக் காரணம் ஒரு கணக்குப் புத்தகம். 1520-ல் பங்குக் குருவாக வந்து, 1574-ல் சாகும்வரை அங்கேயே இருந்த கிறிஸ்டோபர் ட்ரிக்கி எழுதியது அது. எழுதி மூடி வைக்கவில்லை. பங்குமக்களைக் கூட்டி உரக்க வாசித்துக் காட்டினார். அதனால்தான் அந்தக் கணக்கில் இன்றும் பேச்சுக்குரல் கேட்கிறது.

கோயிலுக்கென்று ஆடுகள் இருந்தன. வீட்டுக்கு ஒன்றாக அவற்றைப் பிரித்துக்கொடுப்பார்கள். சொந்த மந்தையோடு சேர்த்து மேய்க்க வேண்டும். கம்பளி விற்ற காசில் சுரூபங்களின் முன் மெழுகுவர்த்தி எரியும். வாலிபர்களுக்குத் தனி நிதி, கன்னிப் பெண்களுக்குத் தனி நிதி. 1534-ல் ஒரு திருடன் ஏணி வைத்துக் கோபுர ஜன்னல் வழியாக இறங்கி, பூசைக் கிண்ணத்தையும் புனித சிட்வெல் சுரூபத்தின் வெள்ளிக் காலணியையும் கொண்டுபோய்விட்டான். பெரியவர்கள் தலையில் சுமை ஏற்றாமல், இளவட்டங்களே காசு திரட்டிப் புதுக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்கள்.

இறந்தோர் பூசைக்கு ஒரு கறுப்பு உடை வேண்டும் என்று ட்ரிக்கி சுமார் 20 ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்தார். அது கைக்கு வந்த 1547-லேயே எட்டாம் ஹென்றி இறந்தார். அவருக்குப் பின் வந்த மகன், சிறுவன் எட்வர்டின் ஆட்சியில் மதச் சீர்திருத்தம் வேகம் பிடித்தது. சுரூபங்கள் அகற்றப்பட்டன, கோயில் ஆடுகளும் போயின, இறந்தோருக்கான பூசையே ஒழிந்தது. 1549-ல் புதிய ஆங்கில வழிபாட்டு நூலை எதிர்த்து டெவனும் கார்ன்வாலும் கிளர்ந்தெழுந்தன. எக்ஸிட்டர் நகருக்கு வெளியே இருந்த கலகப் பாசறைக்கு மோர்பாத்தும் ஐந்து பேரை ஆயுதம் கொடுத்து அனுப்பியது. அந்தச் செலவும் கணக்கில் இருக்கிறது! கலகம் ஆயிரக்கணக்கான உயிர்களோடு நசுக்கப்பட்டது.

எட்வர்டுக்குப் பின் கத்தோலிக்கரான மேரி அரசியானதும், வீடுகளில் பத்திரப்படுத்தியிருந்த கோயில் பொருள்களை மக்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அடுத்து வந்த எலிசபெத் அரசியின் காலத்தில் மறுபடியும் எல்லாம் மாறியது. ட்ரிக்கி பணிந்தார், பங்கை விட்டுப் போகவில்லை. அவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞானஸ்நானம் கொடுத்து வளர்த்த பிள்ளைகளை விட்டு அவர் எங்கே போவார்?

இந்தக் கணக்கை வைத்து வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 2001-ல் எழுதிய ‘த வாய்ஸஸ் ஆஃப் மோர்பாத்’ நூலைத் தேடிப் படியுங்கள். அரசாணைகள் சொல்லாத வரலாறு அதில் இருக்கிறது.