பீங்கானைப் பற்றிக்கொண்ட வெள்ளி

பங்சாரில் மாலை நேரத்து இடிமழை. எங்கோ ஒரு மின்கம்பியில் கோளாறு. கண் இமைப்பதற்குள் அந்த மின்சாரத்தைத் துண்டிப்பது எது, தெரியுமா?

பங்சாரில் தலைமையகம் வைத்திருக்கும் மலேசிய மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் துணை மின்நிலையங்களில் வெற்றிட சுவிட்சுகள் உண்டு. உள்ளே வெள்ளை வெளேரென்று, டம்ளர் போல ஒரு பீங்கான் குழல். அதற்குள் காற்றே கிடையாது. உள்ளே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் செம்புக் கலவைத் துண்டுகள் இரண்டும் கொஞ்சம் விலகினால் போதும், பாயும் தீப்பொறி அப்படியே அணைந்துவிடும்.

சரி, பீங்கானின் இரு முனைகளையும் உலோகத்தால் மூட வேண்டுமே! உருக்கிய உலோகமோ, தாமரை இலைத் தண்ணீர்போலப் பீங்கானில் ஒட்டாமல் உருண்டு ஓடும். அதற்கு ஓர் அருமையான வழி கண்டார்கள். பீங்கானின் விளிம்பில் மாலிப்டினமும் மாங்கனீசும் கலந்த பூச்சைத் தடவிச் சூளையில் சுடுவார்கள். பூச்சு பீங்கானுக்குள் இறங்கி இறுகிவிடும். அதன்மேல் நிக்கல் முலாம். பிறகு, வெள்ளியும் செம்பும் கலந்த உலோகத்தை ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்தில் உருகவிட்டால், பீங்கானும் உலோகமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும். இதற்குப் பெயர்தான் பிரேசிங்.

அந்த இணைப்பில் மயிரிழை விரிசல்கூட விழக்கூடாது. காற்று புகுந்தால் சுவிட்ச் பயனற்றுப் போகும். ஆனால் நன்றாகச் செய்த குழல், பல ஆண்டுகள் வெற்றிடத்தைக் காக்கும். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இத்தகைய குழல்களைத் தயாரிக்கிறது.