தையல் புக் வாங்கப் போறீங்களா? அட்டையைப் பார்த்து ஏமாறாதீங்க!

உத்திரமேரூர்,

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் உத்திரமேரூர் சுற்றுவட்டார கிராமங்களில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் பெண்களுக்கு ஓய்வே கிடையாது. புத்தகத்தில் பார்த்த டிசைனிலேயே ஜாக்கெட் வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் அதிகம்.

பட்டுப் புடவையோடு வரும் ரவிக்கைத் துணியில் கத்திரி தப்பிவிட்டால் அதே நிறம், அதே ஜரிகையில் வேறு துணி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கூலியும் போச்சு, பேரும் போச்சு. எனவே தையல், கைவேலை புத்தகங்களை கடையிலேயே நன்றாக பார்த்து வாங்குவது நல்லது.

கடையில் குறைந்த இதழ்கள்

ஒரு காலத்தில் பஸ் நிலைய பெட்டிக்கடைகளில் கோலம், எம்பிராய்டரி, தையல் புத்தகங்கள் கயிற்றில் வரிசையாக தொங்கும். மங்கையர் மலர், 1998-ல் தொடங்கிய அவள் விகடன் போன்ற இதழ்களை கைவேலைப் பக்கங்களுக்காகவே வாங்கியவர்கள் உண்டு. 2020-ல் கொரோனா வந்த பிறகு மங்கையர் மலர் அச்சில் இருந்து இணையத்துக்கு மாறியது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஒட்டுத்துணி போர்வை தைப்பவர்களுக்காக அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய 'குவில்டர்ஸ் நியூஸ்லெட்டர்' இதழ் 2016-ல் நின்றுபோனது.

செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஆனால் துணி மேல் விரித்துவைத்து வெட்டும் படத்தாளை செல்போன் தராது. புத்தகத்துக்கு இன்னும் மவுசு இருப்பது அதனால்தான்.

பிரித்துப் பாருங்கள்

தையல் புத்தகத்தின் உயிரே உள்ளே மடித்து வைத்திருக்கும் படத்தாள்தான். ஜெர்மனியில் 1950-ல் தொடங்கிய 'புர்தா' இதழ், 1952 முதல் இந்தத் தாளை இணைத்துக் கொடுத்த பிறகுதான் உலகம் முழுவதும் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்து தைக்க ஆரம்பித்தார்கள்.

காசு கொடுக்கும் முன்பு இவற்றை கவனிக்க வேண்டும்:

* படத்தாள் உள்ளே இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா? பழைய புத்தகக் கடையில் வாங்கினால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

* படம் முழு அளவா, கால் அளவா? கால் அளவு படத்தை அப்படியே துணியில் வைக்க முடியாது. நான்கு மடங்காக பெரிதாக்கி வரைந்துகொள்ள வேண்டும்.

* அளவு இஞ்சிலா, சென்டிமீட்டரிலா? 1 இஞ்ச் என்றால் 2.54 சென்டிமீட்டர்.

* தையலுக்கு விடும் துணி அளவோடு சேர்ந்திருக்கிறதா, தனியாக விட வேண்டுமா? ஜாக்கெட் இறுகிப்போவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

* முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி என எல்லா பாகமும் இருக்கிறதா? கலர் போட்டோ மட்டும் இருந்தால் அது வாடிக்கையாளருக்கு மாடல் காட்டத்தான் உதவும், தைக்க உதவாது.

வெட்டுத்துணியில் போர்வை

ஜாக்கெட் வெட்டியபின் மிஞ்சும் துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி ஆக்கி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி வைத்து மூன்றையும் சேர்த்து தைப்பதுதான் 'குவில்ட்' எனப்படும் ஒட்டுத்துணி போர்வை. இதற்கு வெளிநாட்டு புத்தகம் வாங்குபவர்கள் இரண்டு இடத்தில் ஏமாந்து போகிறார்கள்.

ஒன்று, நான்கு ஓரத்திலும் கால் இஞ்ச் தையலுக்குப் போகும். தைத்தபின் 6 இஞ்ச் கட்டம் வேண்டுமானால் ஆறரை இஞ்ச் வெட்ட வேண்டும். சரியாக 6 இஞ்ச் வெட்டினால் கட்டம் ஐந்தரை இஞ்ச்தான் நிற்கும். வரிசைக்கு 10 கட்டம் வைத்தால் போர்வையில் 5 இஞ்ச் குறைந்துவிடும்.

இரண்டாவது, அதில் துணிக்கணக்கு கஜத்தில் இருக்கும். ஒரு கஜம் 36 இஞ்ச், அதாவது 91 சென்டிமீட்டர். அந்தக் கணக்கும் பெரும்பாலும் 42 முதல் 44 இஞ்ச் பன்னா துணிக்குப் போட்டது. நம் ஊரில் 36 இஞ்ச் பன்னா துணி எடுத்தால் பற்றாது.

அச்சு விலைக்கு மேல் தராதீர்கள்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதே அச்சிட்ட புத்தகங்களுக்கும் வார, மாத இதழ்களுக்கும் வரி இல்லை என்று ஆகிவிட்டது. வரி என்று சொல்லி அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

விலை கட்டுப்படியாகாதவர்கள் பக்கத்தில் உள்ள கிளை நூலகத்தில் பெண்கள் இதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உபயோகப்படும் புத்தகத்தை மட்டும் கடையில் வாங்கலாம். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி, படத்தாளை டிரேசிங் பேப்பரில் வரைந்து எடுத்துக்கொண்டாலும் செலவு மிச்சம்.

புது டிசைன் எதுவானாலும் முதலில் நியூஸ் பேப்பரில் வெட்டி, அடுத்து பழைய சேலைத் துணியில் தைத்துப் பார்த்துவிட வேண்டும். வாடிக்கையாளர் கொடுத்த துணியில் கத்திரி வைப்பது அதற்கு அப்புறம்தான்.