உஷார்! டிரெய்லர் சுவரை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்

பனிக்காலம் முழுக்க வாசலில் மூடிவைத்த டிராவல் டிரெய்லரை வெளியே இழுக்கிற நேரம் இது. ஒன்டாரியோவிலும் மிச்சிகனிலும் இருப்பவர்களே, சாமான் ஏற்றுமுன் உள்ளே போய் ஜன்னலுக்குக் கீழே, மூலைகளில், கட்டிலுக்கு அடியில் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொதுக்கென்று உள்வாங்கினால், உள்ளே மரம் மக்கத் தொடங்கிவிட்டது.

வெளியே பளபளப்பது அலுமினியத் தகடோ ஃபைபர் கிளாஸோ, அதன் பின்னால் பல டிரெய்லர்களில் இருப்பது மெல்லிய மரச்சட்டமும் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டும்தான். அதைத் துளைத்துத்தான் விளக்கு, ஜன்னல், வாட்டர் ஹீட்டர் மூடி, கரன்ட் கேபிள் செருகும் இடம் எல்லாம் பொருத்தியிருக்கிறார்கள். அவற்றின் விளிம்புக்கு அடியில் நீர் புகாதிருக்க ஒட்டிய பியூட்டைல் டேப் வருடங்கள் போகப்போக இறுகி விரிசல் விடும். அங்கே புகுந்த தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருத்து, இடுக்கை இன்னும் அகட்டும்.

கறையைப் பார்த்ததும் கை சிலிகான் டியூபைத் தேடும். தயவுசெய்து வேண்டாம்! நான் அதைத்தான் செய்தேன். ஜன்னலைச் சுற்றி நாலு பக்கமும் தடித்துப் பூசினேன். அடிச்சட்டத்தில் இருந்த சிறு துளைகளும் அடைபட்டன. சட்டத்துக்குள் வரும் மழைநீர் வெளியேற வைத்த வழியே அதுதான். போக்கில்லாத தண்ணீர் சுவருக்குள் இறங்கியது. அடுத்த கோடையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குக் கரும்பூசணம்; பக்கத்துக் கட்டிலில்தான் பிள்ளைகள் படுப்பார்கள். சிலிகானால் இன்னொரு தொல்லையும் உண்டு: அதன் பிசுக்கு மிச்சமிருந்தால் வேறு எந்தப் பசையும் அங்கே ஒட்டாது.

ஒழுகும் ஜன்னலையோ விளக்கையோ கழற்றத்தான் வேண்டும். பழைய பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, மரம் நன்றாகக் காயும்வரை பொறுங்கள். புது பியூட்டைல் டேப்பை விளிம்புக்குப் பின்னால் சுற்றிலும் ஒட்டித் திருகுகளைச் சீராக முடுக்குங்கள். மறுநாள் இன்னொரு தடவை முடுக்குங்கள். திருகு பிடிக்காமல் சுற்றினால் மரம் போய்விட்டது, முதலில் மரத்தை மாற்றுங்கள். மேல்பக்கமும் இரு ஓரமும் டிரெய்லருக்கென்றே விற்கும் சீலன்ட் பூசுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஈரம் தெரியும் இடமே ஓட்டை என்று நம்பாதீர்கள். கூரையோர விளக்கில் நுழைந்த நீர் சட்டத்தின் வழியே ஓடிப் பல அடி தள்ளிச் சொட்டும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் நிற்க, மற்றவர் ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாக மெதுவாகக் காட்டட்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், அது நன்றாக ஒட்டிய பசையையும் பிய்க்கும். 120 வோல்ட் கரன்ட் வரும் இடத்தருகே ஈரம் கண்டால், முதலில் கேபிளைக் கழற்றுங்கள்.

பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் இரட்டிப்பு உஷாராக இருங்கள்! மூலையில் மட்டும் புத்தம்புது வெள்ளைப் பூச்சு, உள்ளே தூக்கலான வாசனை திரவியம் இரண்டும் சேர்ந்திருந்தால் ஈரமானியைக் கொண்டுபோய்க் குத்திப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.