ஜஅஃபர் வீட்டு அடுப்பு

திருத்தணி என்றதும் மலையும், அதன் 365 படிகளும், ஆடிக் கிருத்திகைக் கூட்டமுமே எவர் நினைவுக்கும் வரும். அம்மலையின் அடிவாரத்தில், தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே கடைவாசலில் கலந்து ஒலிக்கும் தெருக்களில், முஸ்லிம் குடும்பங்களும் வாழ்ந்து வருகின்றன என்பதை வெளியூர் வாசகர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1960 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அரசாங்கம் மாறிற்று. ஆயினும் அன்றைக்கும் இவ்வூர் வீடுகளில் கேழ்வரகுக் களி கிண்டப்பட்டிருக்கும்; புளிச்சக்கீரை கடையப்பட்டிருக்கும். ஆட்சியின் எல்லையை ஒரு சட்டம் மாற்றிவிடும். அடுப்பின் வழக்கத்தை அது தொடுவதில்லை.

அடுப்பின் வழக்கத்தையே நிறுத்திவிட வல்லது மௌத்து.

வாசகர்களே! உங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தலைவர் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டிக் கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுகை நடத்தி, அடக்கமும் முடிந்து ஆண்கள் திரும்பிவிட்டார்கள். அந்த வீட்டின் அடுக்களையைச் சற்றே எட்டிப் பாருங்கள். காலையில் களைந்துவைத்த அரிசி பாத்திரத்திலேயே கிடக்கிறது. நறுக்கிய வெங்காயம் வாடிக் கிடக்கிறது. அந்த அரிசி யாருக்காகக் களையப்பட்டதோ அவர் இனி உண்ண வரமாட்டார். இரண்டு மூன்று நாட்களுக்கு உறவினர் வீடுகளிலிருந்து சட்டி சட்டியாய்ச் சோறு வரும். பிறகு வருவது குறையும், நின்றும் போகும். அதன் பின்னர் அந்த அம்மையார் மீண்டும் அடுப்பின் முன் போய் நிற்க வேண்டும். அவ்வளவு கடினமான நிற்றல் வேறொன்று உண்டா?

இந்த அடுப்பைப் பற்றி நமது மார்க்கம் என்ன கூறுகிறது? கூறுகிறது, விரிவாகவே கூறுகிறது. ஆனால் நம்மில் பலர் அதைப் பாதியளவே கேட்டிருக்கிறோம்.

ஹிஜ்ரி 8 ஆம் ஆண்டு, ஜமாதுல் அவ்வல் மாதம். ஆங்கிலக் கணக்கில் கி.பி. 629. இன்றைய ஜோர்டான் நாட்டிலுள்ள முஃதா என்னுமிடத்திற்கு முஸ்லிம்களின் படையொன்று சென்றிருந்தது. ஸைத் இப்னு ஹாரிஸா, ஜஅஃபர் இப்னு அபீதாலிப், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலியல்லாஹு அன்ஹும்) ஆகிய மூவரும் ஒருவர் பின் ஒருவராய்க் கொடி தாங்கி, மூவரும் ஷஹீதானார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்கள் பெருமானாரின் பெரிய தந்தையின் மைந்தர். அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்து, நஜ்ஜாஷி மன்னரின் அவையில் நின்று இஸ்லாத்தை எடுத்துரைத்த பெருந்தகை. ஏறத்தாழ 12 ஆண்டுகள் அந்நிய மண்ணில் வாழ்ந்துவிட்டு, ஹிஜ்ரி 7 இல் கைபர் வெற்றியின்போதுதான் அவர்கள் திரும்பி வந்தார்கள். கைபரின் வெற்றியா, ஜஅஃபரின் வருகையா, இவ்விரண்டில் எது எனக்குப் பெரிய மகிழ்ச்சி என்று அறியேன் எனும் கருத்துப்பட அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறியதாக வரலாறு சொல்லும்.

அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி). அந்தப் பெண்மணியின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளையெல்லாம் அந்நிய நாட்டிலே பெற்றெடுத்தவர். மதீனாவில் தமக்கென ஓர் அடுப்பு மூட்டி ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் காலை தோல்களைப் பதனிட்டு முடித்திருந்தார். (நாற்பது தோல்கள் என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு அதன் உழைப்பு எத்தகையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) ரொட்டிக்கு மாவும் பிசைந்து வைத்துவிட்டார். பிள்ளைகளை நீராட்டி, எண்ணெய் தடவி விட்டிருந்தார். அந்த வேளையில் பெருமானார் (ஸல்) அவர்கள் வந்தார்கள். ஜஅஃபரின் பிள்ளைகளை அழைத்து வரச் சொன்னார்கள். அவர்களை அணைத்து முகர்ந்தார்கள். திருக்கண்களில் நீர் பெருகியது. அஸ்மா (ரலி) அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பிசைந்த மாவு அப்படியே இருந்தது.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் இல்லத்தாரிடம் சென்று, ஜஅஃபரின் குடும்பத்தார்க்கு உணவு சமையுங்கள், அவர்களின் கவனத்தையெல்லாம் ஈர்க்கத்தக்க துன்பம் அவர்களை வந்தடைந்துள்ளது என்னும் கருத்தில் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புக்களில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. மையத்து வீட்டாருக்கு அண்டை அயலார் உணவு அனுப்புவது ஸுன்னத் என்று ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் சட்ட அறிஞர்கள் கூறுவதற்கு ஆதாரம் இதுவே.

நம்மவர் கேட்ட பாதி இதுதான். இந்தப் பாதியையும் நாம் தலைகீழாக்கிவிட்டோம் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. துக்க வீட்டாருக்கு ஊரார் சமைத்துப் போடுவது போய், துக்க வீட்டார் ஊராருக்குச் சமைத்துப் போடுவது பல ஊர்களில் வழக்கமாகியிருக்கிறது. மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று தேக்சா ஏறுகிறது. கணவரை இழந்த பெண் கடன் வாங்கிக் கறி எடுக்கிறாள். அடக்கத்திற்குப் பின் மையத்து வீட்டில் கூடுவதையும், அங்கே உணவு சமைப்பதையும் நாங்கள் ஒப்பாரியின் ஒரு வகையாகவே கருதி வந்தோம் என்று நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் கூறிய செய்தி இப்னு மாஜாவில் உள்ளது. இறந்தவருக்காக ஏழைக்கு உணவளிப்பது வேறு. விதவையின் கைப்பொருளைச் செலவழித்து உறவினர் விருந்துண்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிற்க. கேளாத மற்றொரு பாதிக்கு வருவோம்.

ஜஅஃபர் (ரலி) அவர்களின் மைந்தர் அப்துல்லாஹ் அப்போது சிறுவர். அவர் பின்னாளில் சொன்ன ஒரு நினைவை வாகிதீ என்னும் பழைய வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார். பெருமானார் (ஸல்) அவர்கள் தம்மையும் தம் சகோதரரையும் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றதாகவும், பணிப்பெண் ஸல்மா (ரலி) வாற்கோதுமையை அரைத்து, சலித்து, சமைத்து, அதன்மேல் எண்ணெய் ஊற்றி மிளகு தூவிக் கொடுத்ததாகவும், அதைப் பெருமானாரோடு அமர்ந்து உண்டதாகவும், மூன்று நாட்கள் அங்கே தங்கியதாகவும் அவர் நினைவு கூர்ந்தார். பிறகு தங்கள் வீட்டிற்கே திரும்பினார்களாம்.

இந்தத் திரும்புதலைத்தான் நாம் கவனிக்க மறக்கிறோம். மூன்று நாட்கள் கடந்ததும் அண்ணலார் (ஸல்) அவர்களே அந்த வீட்டிற்கு வந்தார்கள். இன்றைக்குப் பின் என் சகோதரருக்காக அழ வேண்டாம் என்னும் பொருள்படக் கூறினார்கள். நாவிதரை வரவழைத்துப் பிள்ளைகளின் தலைமுடியை மழிக்கச் செய்தார்கள். தாய் தன் பிள்ளைகளின் அநாதை நிலையை எடுத்துரைத்தபோது, இம்மையிலும் மறுமையிலும் நானே இவர்களின் பொறுப்பாளன் என்ற கருத்தில் ஆறுதல் கூறினார்கள். அயலார் சமைத்துத் தருவதற்கு ஒரு கால அளவு இருந்தது. வீட்டார் தம் அன்றாடத்திற்குத் திரும்புவதற்கும் ஒரு நாள் குறிக்கப்பட்டது. திரும்பும்போது அவர்கள் தனித்து விடப்படவுமில்லை.

சில வீடுகளில், இத்தா இருக்கும் பெண் இருட்டறையை விட்டு வரலாகாது, அடுப்பைத் தொடலாகாது என்றெல்லாம் பேசுவதைக் கேட்கிறோம். இத்தாவின் காலம் 4 மாதம் 10 நாள் என்று திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தில் வரையறுக்கிறது. அக்காலத்தில் மறுமணமும், அலங்காரமும், நறுமணமும் விலக்கப்பட்டுள்ளன. சமையல் விலக்கப்படவில்லை. வெளிச்சமும் விலக்கப்படவில்லை. இஸ்லாத்திற்கு முந்தைய அறியாமைக் காலத்தில்தான் விதவை ஓராண்டு முழுதும் இழிந்த குடிசையில் ஒடுங்கிக் கிடந்தாள். அந்தக் குடிசையை நாம் நம் வீட்டுக்குள்ளேயே திரும்பக் கட்டுவானேன்?

கணவர் அல்லாத மற்ற உறவினருக்குத் துக்கம் மூன்றே நாட்கள். அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் தம் தந்தை அபூஸுஃப்யான் மறைந்தபின் நறுமணத்தை வரவழைத்துக் கன்னத்தில் தடவிக்கொண்டார்கள். எனக்கு இதன் மேல் விருப்பமில்லை; ஆயினும் பெருமானாரின் வரையறைக்காகச் செய்கிறேன் என்று விளக்கமும் சொன்னார்கள். மனம் விரும்பாதபோதும் கை முதலில் அன்றாடத்திற்குத் திரும்புகிறது. அடுப்பின் முன் நிற்கும் பெண்ணுக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

சரி, அடுப்பு மூட்டியாயிற்று. அதன்மேல் எதை ஏற்றுவது? பிரியாணியா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கத்தைக் கேளுங்கள். அவர்களின் குடும்பத்தில் ஒருவர் இறந்து, வந்த பெண்களெல்லாம் கலைந்து சென்று, வீட்டாரும் மிக நெருங்கியவரும் மட்டும் எஞ்சும்போது, ஒரு சட்டியில் தல்பீனா சமைக்கச் சொல்வார்கள். ரொட்டியைக் குழம்பில் பிய்த்துப்போட்ட தரீத் என்ற உணவையும் ஆக்கி, அதன்மேல் தல்பீனாவை ஊற்றி, உண்ணுங்கள் என்பார்கள். தல்பீனா நோயுற்ற நெஞ்சுக்கு இதம் தரும், கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று பெருமானாரிடம் கேட்டதாகக் காரணமும் கூறுவார்கள். இமாம் புகாரீ அவர்கள் தல்பீனாவை உணவுகளின் பாடத்திலும் வைத்திருக்கிறார்கள். மருத்துவத்தின் பாடத்திலும் வைத்திருக்கிறார்கள்.

இதில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, கூட்டம் கலைந்த பிறகே சட்டி ஏறுகிறது. மற்றொன்று, கவலை முழுவதும் போகும் என்று சொல்லப்படவில்லை. ஒரு பகுதி போகும் என்றே சொல்லப்பட்டது. துக்கத்தை அறிந்தவர்கள் இந்த அளவின் உண்மையை அறிவார்கள்.

தல்பீனா என்பது வேறொன்றுமில்லை. வாற்கோதுமை மாவுக் கஞ்சி. பாலைப் போல் வெண்மையாகவும் நெகிழ்வாகவும் இருப்பதால், பாலைக் குறிக்கும் லபன் என்ற அரபுச் சொல்லின் வழியே இப்பெயர் வந்தது. இன்று மளிகைக் கடையில் பார்லி என்று கேட்டால் கொடுப்பார்கள். வறுத்து, அரைத்து, இரண்டு கரண்டி மாவை ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கால்மணி நேரம் கைவிடாமல் கிளற வேண்டும். கெட்டிப்பட்டால் பால் சேர்க்கலாம். இறக்கியபின் தேன் விடலாம். சர்க்கரை நோயாளர் தேனை விட்டுவிட்டு, ஸல்மா அம்மையாரின் முறையில் துளி எண்ணெயும் மிளகும் சேர்த்துக்கொள்ளட்டும். கால்மணி நேரம் கிளற வேண்டியிருப்பதும் நன்மைக்கே என்று எனக்குத் தோன்றுகிறது. அந்நேரம் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

பார்லி கிடைக்காவிட்டால்? நொய்க்கஞ்சி வையுங்கள். கேழ்வரகுக் கூழ் காய்ச்சுங்கள். ரமழானில் நோன்புக் கஞ்சிக்குப் போடும் வெந்தயமும், பாசிப்பருப்பும், பூண்டும், தேங்காய்ப் பாலும் வீட்டில் இருந்தால் அதையே சிறு அளவில் ஆக்குங்கள். இவற்றுக்குத் தல்பீனா என்ற பெயரைச் சூட்ட வேண்டாம். ஹதீஸ் சொல்வது வாற்கோதுமையைத்தான். ஆனால் நாவுக்குப் பழகிய, செரிப்பதற்கு எளிய, பிள்ளைகளும் முதியவரும் ஒரே சட்டியிலிருந்து உண்ணத்தக்க உணவு என்ற வகையில் நம் கஞ்சி அதற்கு அயலன்று.

திருத்தணி போன்ற ஊரில் இன்னொரு கேள்வியும் எழும். அண்டை வீட்டார் இந்துக்கள். துக்க நாளில் அவர்கள் சாம்பார்ச் சாதமோ தயிர்ச் சாதமோ கொண்டுவந்து வாசலில் நிற்கிறார்கள். வாங்கலாமா? தயக்கம் ஏன்? ஹராமான பொருளோ, படையல் பொருளோ அல்லாத உணவாயின் அகமலர்ந்து வாங்கி உண்ணுங்கள். நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நமது யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த அறிவுரையும் மதத்தைக் கேட்டு வழங்கச் சொல்லவில்லை. அந்த அண்டை வீட்டிலும் ஒரு நாள் இழவு விழும். அன்று அவர்கள் வீட்டிலும் அடுப்பு மூட்டத் தயங்குவார்கள். அவர்கள் உண்ணும் வகை அறிந்து, அதற்கேற்பச் சமைத்து நீங்கள் எடுத்துச் செல்லுங்கள்.

எடுத்துச் செல்பவர்களுக்கு ஒரு சொல். முதல் நாள் எல்லாரும் அனுப்புவார்கள், மிஞ்சி வீணாகும். நான்காம் நாள் ஒருவரும் அனுப்புவதில்லை. அன்று நீங்கள் வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை. அரிசியைக் களைந்து கொடுங்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மையார் கஞ்சி கிளறட்டும். உப்புக் குறைந்திருந்தால் சொல்லாதீர்கள்.

அஸ்மா (ரலி) அவர்கள் இத்தா முடிந்தபின் அபூபக்ர் (ரலி) அவர்களை மணந்தார்கள். ஹிஜ்ரி 13 இல் அவர்களும் மறைந்தபோது, கணவரின் விருப்பப்படி அவர்களின் உடலைக் குளிப்பாட்டியவர் அஸ்மா அவர்களே. அதன்பின் அலீ (ரலி) அவர்களை மணந்தார்கள். மதீனாவில் அந்தப் பெண்மணி எத்தனை முறை மீண்டும் அடுப்பு மூட்டினார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று நாட்கள் பெருமானாரின் இல்லத்தில் வாற்கோதுமை உண்ட சிறுவர் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் வளர்ந்து, கொடைக் கடல் என்று மதீனாவாசிகள் அழைக்கும் வள்ளலானார்.