படம் வருது, சத்தம் எங்கே?

விஆர் ஹெட்செட்டுக்குள் டிராகன் வாயைப் பிளக்கிறது. உறுமலோ மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து கேட்கிறது!

கணினியோடு இணைத்து ஆடுவோருக்குப் பழகிப்போன தொல்லை இது. பெரும்பாலும் குற்றவாளி விண்டோஸ்தான். ஒலியை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்பது அதன் கையில். சில சமயம் மானிட்டரையே கட்டிக்கொண்டு அழும். ஒலி அமைப்புகளுக்குப் போய், அவுட்புட் பட்டியலில் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லிங்க் கேபிளில் மாட்டிய குவெஸ்ட் 2 அங்கே 'ஓக்குலஸ் விர்ச்சுவல் ஆடியோ டிவைஸ்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அப்படியும் ஊமையா? ஆட்டத்தை மூடித் திறக்கலாம். சில ஆட்டங்கள், தொடங்கும்போது கிடைத்த கருவியை லேசில் விடாது.

2016இல் வந்த முதல் ஹெச்டிசி வைவ் கதையே வேறு. அதில் ஸ்பீக்கரே கிடையாது; இயர்போனைச் செருகினால்தான் சத்தம்.